கோடை விடுமுறையில் கல்லூரிப் பாடகர் குழுவோடு தேரிக்காட்டுச் சபைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இளங்கலை படித்த மூன்று ஆண்டுகளும் மே மாத விடுமுறையில் எங்கள் கல்லூரிப் பாடகர் குழுவோடு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்துக் கிறிஸ்தவச் சபைகளுக்குச் சென்று பாடி வந்தேன். மூன்றாம் ஆண்டில் பாடல் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. இந்த ஆண்டு சேர விரும்பும் தம்பி தங்கைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்பதால், எனக்குத் தெரிந்தவரை பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பயணம் எப்போது தொடங்கும்? எந்தெந்த ஊர்களுக்குப் போவோம்?

பருவத் தேர்வு முடிந்து பத்து நாள் பயிற்சி நடந்த பிறகு, மே இரண்டாம் வாரத்தில் புறப்படுவது வழக்கம். மொத்தம் பதினாறு நாட்கள். ஊர்மக்கள் ஊசிக்கோபுரம் என்று அழைக்கும் பாளையங்கோட்டைத் திரித்துவப் பேராலயத்தில் காலை ஜெபம் முடித்து வேனில் ஏறினால், சாயர்புரம், நாசரேத், முதலூர், மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடி என்று பெரிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு, அவற்றைச் சுற்றிப் பனங்காட்டுக்குள் கிடக்கும் சிறிய சபைகளுக்கும் போவோம். வழியில் பெரும்பகுதி தேரிக்காடு, அதாவது செம்மணல் மேடு. மெய்ஞ்ஞானபுரத்து ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தலை நீட்டும்போது, ஊர் வந்துவிட்டது என்று நினைத்து ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் சீக்கிரமே செருப்பை மாட்டிக்கொள்வார். அதற்குப் பிறகும் நெடுநேரம் வேன் ஓடும்.

இந்த ஊர்களைப் பற்றி ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். முதலூர் 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்றே உருவான ஊர். முதல் ஊர் என்பதால்தான் அந்தப் பெயர். இடையன்குடியில் கால்டுவெல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார். ஆகவே நீங்கள் பாடப் போகும் இடங்களில் ஏழெட்டுத் தலைமுறையாகக் கீர்த்தனை (ராகமும் தாளமும் வைத்து எழுதிய கிறிஸ்தவத் தமிழ்ப் பாட்டு) பாடிவரும் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். கல்லூரியில் படிக்கிறோம், நான்கு குரலில் பாடுகிறோம் என்ற எண்ணத்தோடு யாரும் வேனில் ஏற வேண்டாம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து ஜெபம், குரல் பயிற்சி, காலைச் சாப்பாடு. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடுவதால் நாலு மணி வரை பெரும்பாலும் நிழலில்தான் இருப்போம். சில ஊர்களில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்துகொண்டிருக்கும், அங்கே பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு பாடல்கள் சொல்லிக் கொடுப்போம். மாலையில் ஊர்ச் சபையைக் கவனிக்கும் ஊழியரான உபதேசியாரோடு வீடு வீடாகப் போய், படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்காக ஒரு பாடல் பாடி ஜெபிப்பது உண்டு. இரவு ஏழரைக்கு ஆலயத்திலோ ஆலய முற்றத்திலோ பாடல் ஆராதனை. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியோடு சட்டப்படி தடை வருவதால், அதற்குள் முடித்தாக வேண்டும். நம் குழு முடித்துவிடும். வாழ்த்துரை வழங்குபவர்களைப் பற்றி என்னால் உறுதி சொல்ல இயலாது.

என்ன பாடல்களைப் பாடுவோம்? ஆங்கிலப் பாடல்கள் உண்டா?

அதிகம் பேர் கேட்பதும், நான் அதிகம் தவறு செய்ததும் இதில்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாம் ஆண்டு எங்களிடம் பன்னிரண்டு பாடல்கள் இருந்தன. ஏழு ஆங்கிலம், மூன்று புதிய தமிழ்ப் பாடல்கள், இரண்டே இரண்டு கீர்த்தனைகள். கல்லூரி ஆலயத்தில் கைதட்டு வாங்கிய பட்டியல் அது. கிராமத்தில் ஏழு ஆங்கிலப் பாடல்களையும் மக்கள் மரியாதையோடு கேட்டார்கள். நாங்கள் கீர்த்தனை தொடங்கியபோதுதான் முற்றத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். பல்லவியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். எங்கள் ஒலிபெருக்கிக்கு மேலே அவர்கள் குரல் கேட்டது. எங்கள் வேகத்தை விட்டுத் தங்கள் வேகத்தில், ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஓர் இழுப்போடு பாடினார்கள். நாங்கள் வேறு வழியின்றி அவர்களோடு சேர்ந்துகொண்டோம். அச்சிட்ட பாட்டில் எட்டுச் சரணங்கள். எங்கள் தாளில் மூன்று. மூன்றாம் சரணத்தோடு கீபோர்டு நின்றது, முற்றம் நிற்கவில்லை. நான்காம் சரணத்தைத் தாள் இல்லாமல் தொடங்கிய ஒரு ஆச்சி, எட்டும் முடிந்த பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "மூணோட நிறுத்தினா, மிச்சத்த யாருக்கு வச்சிருக்கிய?"

அடுத்த ஆண்டிலிருந்து பட்டியலைத் திருப்பிப் போட்டோம். இப்போது பன்னிரண்டில் ஆறு கீர்த்தனைகள், மூன்று பாமாலைப் பாடல்கள் (மேற்கத்திய மெட்டில் பாடும் தமிழ்ப் பாட்டுகள்), இரண்டு புதிய பாடல்கள், ஓர் ஆங்கிலப் பாடல். ஆறு கீர்த்தனைகளுக்கும் எல்லாச் சரணங்களையும் கொண்டுபோக வேண்டும். எத்தனை பாடுவது என்பதை அன்றைய சபை தீர்மானிக்கும். புதிய பாடல்களை வெறுத்து நான் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் சபையார் வாய் திறக்காத இரவில் நாம் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அது ஆராதனை ஆவதில்லை, கச்சேரியாகவே முடிகிறது. கச்சேரி கேட்க அவர்கள் நம்மை அழைக்கவில்லை.

கீர்த்தனைகளை எழுதியவர்களைப் பற்றியும் ஓரிரு வாக்கியம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வீடுகளில் கேட்பார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பிறந்தது திருநெல்வேலியில். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையும் (1827–1900) இந்தச் சீமையைச் சேர்ந்தவரே. இவர்களுடைய பாட்டுகளில் உள்ள தமிழ், நம் வகுப்பறைத் தமிழைவிடக் கடினமானது. பொருள் புரியாமல் பாடினால் சொல்லைத் தவறான இடத்தில் வெட்டிவிடுவீர்கள், முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அதைக் கட்டாயம் கவனிப்பார்.

எனக்கு இசைக் குறியீடு படிக்கத் தெரியாது. சேரலாமா?

சேரலாம். நான்கு குரல் பாடல்களுக்கு நம் குழு சோல்ஃபா முறையைப் பயன்படுத்துகிறது. இங்கிலாந்தில் சாரா குளோவர் உருவாக்கி, ஜான் கர்வென் பரப்பிய முறை அது. ஐந்து கோடுகள் தேவையில்லை, எழுத்துகளும் புள்ளிகளும் போதும் என்பதால் எந்தச் சாதாரண அச்சகத்திலும் அச்சிட முடிந்தது; இன்றும் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள முடிகிறது. ஊர்ப் பாடகர் குழுவில் வளர்ந்தவர்களுக்கு இது ஏற்கெனவே பழக்கமாக இருக்கும். மற்றவர்கள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறவர்கள் மட்டும் சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் பக்கத்தில் மேல்குரலான சோப்ரானோ பாடும் தோழியின் மெட்டு காதை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கீர்த்தனைக்கு நான்கு குரல் வேண்டாம் என்பது என் கருத்து. ராகத்தின் வளைவுகளுக்கு அடியில் மேற்கத்திய சுரக்கூட்டுகளை அடுக்கினால், இரண்டும் ஒன்றை ஒன்று கெடுக்கும். குழுவில் இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் வேனில் இதைப் பற்றி ஒரு சண்டை நடக்கும், நீங்களும் கலந்துகொள்ளலாம்.

கிறிஸ்தவர் அல்லாத மாணவர்கள் வரலாமா?

வந்திருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் மிருதங்கம் வாசித்த வகுப்புத் தோழன் இந்து. கிராமத்துக் கோயில் கொடை விழாக்களில் வாசித்துப் பழகியவன். முதல் நாள் பயிற்சியில் கீர்த்தனைப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தவன், பாட்டின் தலைப்பில் அச்சாகியிருந்த இரண்டு சொற்களைக் காட்டி, "இங்கே ரூபக தாளம் என்று போட்டிருக்கிறது, நீங்கள் ஏன் நாலாக எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டான். பாட்டின் மேல் ராகமும் தாளமும் அச்சாகியிருப்பதை நாங்கள் அனைவரும் சிறு வயது முதல் பார்த்திருக்கிறோம். படித்தவர் ஒருவரும் இல்லை. கீபோர்டின் பொத்தானில் வரும் தாளத்துக்குள் பாட்டை அடைத்து அடைத்து, சொற்களையே நீட்டியும் சுருக்கியும் வைத்திருந்தோம். அவன் இரண்டு தட்டும் ஒரு வீச்சுமாகப் போட்டுக் காட்டியபோது, சொற்கள் தாமாகத் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஆச்சிமார் பாடும் வேகமும் அதுவாகவே இருந்தது என்பதைப் பிறகு கண்டோம்.

ஜெப வேளையில் அவன் எங்களோடு அமைதியாக அமர்ந்திருப்பான். ஜெபிக்கும்படியோ சாட்சி சொல்லும்படியோ யாரும் அவனை வற்புறுத்தக் கூடாது என்று குழுவோடு வரும் ஆசிரியர் முதலிலேயே சபைகளுக்குச் சொல்லிவிடுவார். இந்த ஏற்பாடு தொடர்கிறது.

வாத்தியங்களைக் கொண்டுபோவதில் என்ன கவனம் வேண்டும்?

மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் அப்பும் ரவைப் பசை, தேரிக் காற்றில் பத்து நிமிடத்தில் காய்ந்து உதிரும். ஒரு குவளைத் தண்ணீரோடு பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். ஊர் ஆலயத்து ஆர்மோனியத்தின் சுருதியும் நம் கீபோர்டின் சுருதியும் பெரும்பாலும் ஒன்றாக இராது. ஆர்மோனியத்தை மாற்ற முடியாது என்பதால், ஆராதனைக்கு அரை மணி முன்பே போய்க் கீபோர்டை அதற்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஊர் ஆர்மோனியத்தை ஒதுக்கிவிட்டு நம் கீபோர்டை மட்டும் வைத்துக்கொள்வது எளிது. ஆனால் முப்பது ஆண்டுகளாக அதை வாசித்துவரும் பெரியவர் அங்கே ஓரமாக நின்றுகொண்டிருப்பார்.

சுருதியைப் பற்றி இன்னொன்று. நாம் பயிற்சியில் எடுக்கும் கட்டை, அதாவது சுருதியின் உயரம், குழுவின் சோப்ரானோக்களுக்கு ஏற்றது. சபையார் பாடும்போது ஒரு கட்டையாவது குறைத்தே தொடங்க வேண்டும். இல்லையென்றால் அனுபல்லவியில் ஆண்கள் எல்லோரும் மௌனமாகிவிடுவார்கள்.

பெண்பிள்ளைகளை அனுப்பலாமா? எங்கே தங்குவார்கள்?

பெற்றோரின் முதல் கேள்வி இதுவே, நியாயமான கேள்வியும்கூட. மாணவிகள் எப்போதும் பேராசிரியை ஒருவரோடு சேர்ந்து, சேகரகுருவின் (அந்தப் பகுதிச் சபைகளின் போதகர்) வீட்டிலோ பள்ளி விடுதியிலோ தங்குவார்கள். இரண்டு பேரைத் தனியாக ஒரு வீட்டில் தங்கவைக்கும் வழக்கம் இல்லை. மாணவர்களுக்குத் தொடக்கப்பள்ளி வகுப்பறையும், அங்கே இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையும் கிடைக்கும். இரவு ஆராதனைக்குப் பின் மாணவிகள் தங்குமிடம் சேர்ந்ததும் வீட்டுக்குப் பேசியாக வேண்டும். கடலோரத்தை ஒட்டிய ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும். குளித்தால் சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகும். இதைப் பற்றிப் புகார் சொல்லாத மாணவியை நான் பார்த்ததில்லை.

சாப்பாடும் குரல் பாதுகாப்பும் எப்படி?

சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை, அதுதான் பிரச்சினை. சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை நடக்கும் ஊரில் போய் இறங்கினால், பெரிய கொப்பரையில் வெந்த சோறும் கறிக்குழம்பும் இலையில் விழுந்துகொண்டே இருக்கும். வேண்டாம் என்பதை நீங்கள் மூன்று முறை சொன்னால்தான் பரிமாறுகிறவர் முதல் முறையாகக் கேட்பார். வயிறு நிறைந்திருந்தால் மூச்சு நிற்காது. ஆராதனைக்கு முன் பாதி வயிறு, பிறகு மீதி என்று உபதேசியாரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள். முதலூரில் மஸ்கோத் அல்வா வாங்காமல் வண்டி நகராது. அதையும் பாடிய பிறகு சாப்பிடுங்கள்.

மே மாதம் பதநீர்க் காலம். விடிந்ததும் இறக்கும் பதநீரைப் பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள். பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு முனையில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். பழகாதவர்களுக்கு முதல் மடக்கில் பாதி சட்டையில் போகும். ஓலையின் பச்சை வாசனையும், கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் இலேசான காரமும் அந்த இனிப்போடு கலந்து வரும். காலையில் குடித்தால் தொண்டைக்கு ஒன்றும் செய்யாது. ஐஸ் போட்ட சர்பத்தும் குளிர்பானமும் வேண்டவே வேண்டாம். இரவில் சுக்கும் கருப்பட்டியும் போட்ட காபி கேளுங்கள். உடன்குடிக் கருப்பட்டி கிடைக்கும் பக்கத்தில் அதைக் கேட்பது யாருக்கும் பாரமில்லை.

செலவுக்கு என்ன ஏற்பாடு? சபைகள் பணம் தருமா?

வேன் வாடகையில் பாதியைக் கல்லூரி ஏற்கிறது, மீதியை மாணவர்கள் பகிர்ந்துகொள்கிறோம். உணவும் தங்குமிடமும் சபையின் பொறுப்பு. நாம் தொகை எதையும் கேட்பதில்லை. சபையார் உற்சாகக் காணிக்கையாகத் தருவதை ஆசிரியர் பெற்று, அன்றிரவே எல்லோர் முன்னிலையிலும் எண்ணி நோட்டில் எழுதுவார். ஒரே ஓர் ஊரில், எங்கள் பெயரைச் சொல்லி எடுத்த காணிக்கை எங்களிடம் வந்து சேரவில்லை. அதைக் கேட்பதா விடுவதா என்று வேனில் நீண்ட விவாதம் நடந்தது, ஆசிரியர் விடச் சொன்னார். அவர் சொன்னது சரியென்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

ஆராதனை முடிந்ததும் நடக்கும் ஏலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முருங்கைக்காய், முட்டை, சேவல், கருப்பட்டி என்று மக்கள் காணிக்கையாகப் படைத்தவற்றைச் சபை ஊழியர் ஆலய வாசலில் ஏலம் விடுவார். சந்தையில் பத்து ரூபாய்கூடப் பெறாத முருங்கைக்காய்க் கட்டு நூறு ரூபாய்க்கு மேல் போகும். வேடிக்கைக்காகக் கையை உயர்த்தாதீர்கள். ஆண்களின் மேல்குரலான டெனர் பாடும் எங்கள் தோழர் ஒருவர் அப்படி உயர்த்தி, சேவலோடு மூன்று நாள் வேனில் பயணம் செய்தார்.

கத்தோலிக்க ஆலயங்களில் பாடுவோமா?

அழைத்தால் பாடுவோம். கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து ஊழியம் செய்த கரை அது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், மே மாத மாலைகளில் ஆண்களும் ஊரில் இருப்பார்கள், கூட்டமும் பெரிதாக இருக்கும். நாம் "கர்த்தர்" என்று பாடும் இடத்தில் அவர்கள் "ஆண்டவர்" என்பார்கள். அவர்களுடைய பாடல் மரபும் வேறு. இரு பக்கத்துக்கும் தெரிந்த இரண்டொரு பாடல்களைப் பங்குத்தந்தையிடம் முன்னதாகக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மின்சாரம் போனால் என்ன செய்வது?

பாடிக்கொண்டே இருங்கள். இரண்டாம் ஆண்டில் தேரிக்கு நடுவில் உள்ள ஒரு சிறிய சபையில், நான்காம் பாட்டின் இடையில் விளக்கு, ஒலிபெருக்கி, கீபோர்டு மூன்றும் ஒரே நொடியில் அடங்கின. ஆர்மோனியமும் மிருதங்கமும் மட்டும் இருந்தன. யாரோ ஒரு அரிக்கன் விளக்கைக் கொண்டுவந்து பலிபீடத்தின் படியில் வைத்தார்கள். எங்கள் கையில் இருந்த தாள்கள் தெரியவில்லை, ஆகவே அன்று நாங்கள் பாடியவை எல்லாம் சபையாருக்கு மனப்பாடமாக இருந்த கீர்த்தனைகளே. ஒவ்வொரு சரணத்தின் முதற்சொல்லையும் பெண்கள் பக்கத்திலிருந்து யாராவது எடுத்துக் கொடுப்பார்கள், நாங்கள் பின்தொடர்வோம். ஒன்றரை மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தபோது, ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி ஒரு பெரியவர் கையைக் காட்டினார்.

என்னென்ன எடுத்து வர வேண்டும்?

வெள்ளை உடை மூன்று செட் எடுத்து வாருங்கள். செம்மண் கறை போகாது என்பதால் புதியது வேண்டாம். போர்வை, டார்ச், கொசுவத்தி, தண்ணீர் பாட்டில், உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் சோப்பு, வேதாகமம், கீர்த்தனைப் புத்தகம். செல்பேசியில் பாட்டு இருக்கிறதே என்று புத்தகத்தை விட்டுவிட்டு வராதீர்கள். செல்பேசித் தொகுப்புகளில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு சரணங்களே இருக்கின்றன. கூடவே ஒரு பென்சிலும் வேண்டும்: சில ஊர்களில் அச்சில் இல்லாத பாடபேதங்களோடு பாடுவார்கள், அவற்றை அங்கேயே கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். என் புத்தகத்தில் நாற்பத்தொரு குறிப்புகள் இருக்கின்றன. பயிற்சி தொடங்கும் அன்று கொண்டுவருகிறேன், வேண்டியவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.